மேற்குச் சுவரின் ஐந்து பட்டைகள்

கூரைக்காரர் என் கடைக்கு வந்து ஒரு டஜன் பிளக் கேட்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"சுவத்துல அடிக்கத்தான்."

"உங்களுக்கும் சுவத்துக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்கு ஆணி, உங்க மச்சானுக்குப் பிளக். இருபது வருஷமா அப்படித்தானே எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

"இருக்கா இல்லையா கடைக்காரம்மா?"

இருந்தது. சுவர்த் துளைக்குள் அடித்துத் திருகாணியை இறுக்கும் பிளாஸ்டிக் பிளக்கும், அதற்கேற்ற திருகாணியும் எடுத்துக் கொடுத்தேன். வழக்கமாக எதையாவது சொல்லி என் வாயைக் கிளறிவிட்டுத்தான் படி இறங்குவார். அன்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். என்ன ஆயிற்று இவருக்கு என்று நினைத்தேன். எட்டு மாதமாகவே அவர் அப்படித்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனாள். தையல்காரி. பிள்ளைகள் இல்லை. என் உடம்பின் அளவை நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். கொஞ்சம் பெருத்துவிட்டேன் என்றால் வாயால் சொல்ல மாட்டாள், அரை அங்குலம் தளர்த்தித் தைத்து அனுப்பிவிடுவாள். அவளுடைய தம்பிதான் கொத்தனார். அக்காள் புருஷன் கூரை போட, மச்சான் சுவர் கட்ட, இந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அவர்கள் இருவரும் எழுப்பியவை.

கூரையையும் சுவரையும் சேர்த்துப் பிடிப்பது பட்டை, அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கை நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இரும்புப் பட்டை. துத்தநாகம் பூசியது, மேலிருந்து கீழ் வரை துளைகள். சுவரின் தலையில் ஒரு நீளக் கட்டை படுத்திருக்கும், அதன்மேல்தான் கூரை உட்காரும். உட்கார்ந்தால் போதும், கனத்திலேயே நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காற்று கூரையைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது. அது தூக்காமல் இருக்கத்தான் பட்டை. மேல் முனையைக் கட்டையோடு ஆணி அடித்துப் பிடிக்க வேண்டும், கீழ் முனையைச் சுவரோடு திருகிப் பிடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் பிடித்திருந்தால் அந்தப் பட்டை அங்கே இருப்பதும் ஒன்றுதான், என் கடையில் தொங்குவதும் ஒன்றுதான்.

மேல் முனை கூரைக்காரருடையது, கீழ் முனை கொத்தனாருடையது. ஒருவர் முனையை மற்றவர் தொட மாட்டார்கள். கூரைக்காரர் ஆணி அடித்து முடித்ததும் பட்டையின்மேல் பென்சிலால் ஒரு சாய்கோடு போடுவார். கொத்தனார் பிறகு எப்போதாவது வந்து திருகாணி போட்டுவிட்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு அதன்மேல் குறுக்கே இன்னொரு கோடு போடுவார். செங்கல் துண்டு, கரி, எதுவானாலும் சரி. பெருக்கல் குறி விழுந்துவிட்டால் பட்டை முடிந்தது என்று அர்த்தம், பூச்சு பூசலாம். பெருக்கல் குறியைப் பார்த்த பிறகு "திருகிட்டியா?" என்று கேட்பது, கேட்கப்பட்டவனுக்கு அவமானம். இருபது வருடத்தில் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை.

அந்த ஏற்பாடு எட்டு மாதமாக இன்னும் வசதியாகப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே வீட்டில்தான் வேலை, ஆனால் இவர் இருக்கும் நாளில் அவர் வரமாட்டார். இவர் கோடு போட்டுவிட்டுப் போவார், அவர் வந்து குறுக்கே போட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் உறவு.

சண்டைக்குக் காரணம் ஊருக்கே தெரியும். தையல்காரிக்கு நோய் முற்றியபோது தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் தூரத்தில் ஒரு பெரிய கட்டட வேலையில் இருந்தான். "அவன்கிட்டச் சொல்லாதீங்க, வேலையப் போட்டுட்டு ஓடியாருவான்" என்று அவள் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் வந்து சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அவன் கேட்டான், "என் அக்காவ நான் கடைசியாப் பாக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீ யாரு?" அத்தான் என்றுகூடச் சொல்லவில்லை, நீ என்றுதான் கேட்டான்.

பிளக் வாங்கிப்போன கூரைக்காரர் பதினொரு மணிக்குத் திரும்ப வந்தார். சட்டையெல்லாம் செங்கல் தூள்.

"இன்னும் ஒரு டஜன் குடுங்க. கொஞ்சம் பெரிசா."

கொடுத்தேன். ஒரு மணிக்கு மறுபடி வந்தார்.

"இதவிடப் பெரிசு இருக்கா?"

"இதவிடப் பெரிசுன்னா சுவத்துல யானையத்தான் கட்டணும். என்ன பண்றீங்க வீட்டுல?"

சில்லறையை எண்ணி வைத்தார். இடது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். இதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதவை இழுத்துப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன். வானம் வெளுத்து, இலைகூட அசையாமல் இருந்தது. மூன்று நாளில் பலத்த காற்று வருமென்று காலையிலேயே வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, இரண்டு ஆண்களும் அவளுமாகக் கட்டிய வீடு. தகரக் கூரை. தையல் இயந்திரத்தின்மேல் ஒரு விரிப்பு போட்டு மூடியிருந்தது. தொட்டியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கிண்ணம். மேசைமேல் பாதி ரொட்டி, கடித்த பக்கம் காய்ந்து கிடந்தது. அழுக்காக இருந்திருந்தாலாவது திட்டியிருப்பேன். எல்லாம் துடைத்து வைத்திருந்தது, அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

படுக்கையறையின் மேற்குச் சுவரைக் காட்டினார். மேலிருந்து கீழாக ஐந்து வெடிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கை நீளம், அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில். ஒன்றின் அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்திருந்தார். பட்டையின் கீழ் முனை தெரிந்தது. துளைகள் காலியாக இருந்தன. ஒன்றில்கூடத் திருகாணி இல்லை. பக்கத்தில் அவர் புதிதாகப் போட்ட துளைகள் கரையான் தின்ற மரம் மாதிரி உதிர்ந்து கிடந்தன.

"கூரை தூக்குதும்மா. காத்து வந்தா மேல இருக்கிற கட்டை எழும்பி எழும்பி உக்காருது. பட்டைய வெறும் பூச்சுதான் பிடிச்சு வச்சிருந்துச்சு. இப்ப அதுவும் விட்டுப்போச்சு."

"பதிமூணு வருஷமாவா?"

"மத்த மூணு சுவரும் கெட்டியாப் பிடிச்சிருக்கு. அதனாலதான் நின்னுச்சு. இந்தத் தடவ காத்து மேக்கேருந்து வருதுன்னு ரேடியோவுல சொல்றான்."

"கூரைக்காரர் வீட்டுலயே கூரை பறந்துச்சுன்னா நான் கடைய மூடிட்டு வேற ஊருக்குத்தான் போகணும். பிளக் ஏன் நிக்கல?"

"ரெண்டு செங்கலுக்கு நடுவுல சந்துல விழுது. பூச்சுக்குப் பின்னால எது செங்கல், எது சந்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? கட்டினவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப கட்டினவரக் கூப்பிட வேண்டியதுதானே?"

படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அகலமான படுக்கை. சுவர் ஓரத்துப் பாதியில் விரிப்பு கசங்காமல் இருந்தது.

"இந்தச் சுவரு டக்கு டக்குன்னு சத்தம் போடும். அவதான் முதல்ல கேட்டா. வீட்டுக்கு வந்த வருஷமே. 'கேக்குதா?'ம்பா. நான் 'ம்'ம்பேன். பல்லின்னு நினைச்சேன். ஊரு கூரையெல்லாம் ஏறிப் பாத்தவன், என் தலைக்கு மேல இருக்கிறத ஏறிப் பாக்கல. காத்தடிச்சா அவ 'கேக்குதா'ம்பா, நான் 'ம்'ம்பேன். அவ்வளவுதான்."

"அவங்க போன பிறகும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." விரலில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினார். "பழக்க தோஷம். டக்குன்னா நான் 'ம்'னுருவேன்."

நான் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் கடைக்கு வந்தார். பூச்சுக் கரண்டி ஒன்று பார்க்க வேண்டும் என்றார். கரண்டிகளை எடுத்துப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சொன்னது? அவரா சொன்னாரு? நான் திருகு போடலன்னு அவரா சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல தம்பி. நான் என் கண்ணால பாத்தேன்."

"என் அக்கா தலைக்கு மேல இருக்கிற கூரை. அதுக்கு நான் திருகு போடாமப் பூசியிருப்பேனாக்கா? ஊருல எவன் வீட்டுக்கு விட்டாலும் அவ வீட்டுக்கு விடுவேனா?"

"எங்கிட்ட ஏன் கத்துறீங்க? போய்ப் பாருங்க."

"பாக்குறேன். பாத்துட்டு அவரு மூஞ்சில கேட்டுட்டு வர்றேன்."

நான் எதிர்பார்த்ததும் இதைத்தான். சமாதானத்துக்கு வா என்றால் அந்த ஆள் ஆயுசுக்கும் வரமாட்டார், சண்டைக்கு வா என்றால் கரண்டியைக்கூட மறந்துவிட்டு ஓடுவார். கரண்டியை எடுத்துக்கொண்டு அன்றும் கடையைப் பூட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் மேற்குச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரே அறையில். கொத்தனார் காலியான துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போய்விட்டது.

"பெருக்கல் இருந்துச்சு" என்றார் சுவரைப் பார்த்து. "பூசும்போது அஞ்சு பட்டையிலயும் பெருக்கல் இருந்துச்சு. இல்லாம நான் பூச மாட்டேன்."

"நான் என் கோட்டத்தான் போட்டேன்" என்றார் கூரைக்காரர்.

"அப்ப குறுக்குக் கோட்ட யாரு போட்டா? நான் போடல. நீங்கதான் போட்டிருக்கணும். உங்க வீடு, உங்க அவசரம். நீங்களே திருகிட்டீங்கன்னு நினைச்சேன்."

"உன் முனைய நான் எதுக்குத் தொடுறேன்?"

"என் அக்கா சாகுறான்னு எனக்குச் சொல்லல. இத மட்டும் சொல்லிருவீங்களா?"

கூரைக்காரர் கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. தரையில் கிடந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். "கொத்திப் பாரு."

கொத்தனார் கொத்தத் தொடங்கினார். கோபத்தில் ஆரம்பித்த கை நாலாவது அடியிலேயே நிதானத்துக்கு வந்துவிட்டது. வேலை தெரிந்த கைக்குக் கோபம் ரொம்ப நேரம் நிற்காது. பூச்சு தகடு தகடாகக் கழன்று விழுந்தது. அறை முழுக்கப் புழுதி. தையல் இயந்திரத்தின்மேல் விழாமல் இருக்க நான் இன்னொரு போர்வையை எடுத்துப் போட்டேன். பட்டையின் நடுப்பகுதி வெளியே வந்ததும் ஈரத்துணியால் ஒத்தியெடுத்தார்.

பெருக்கல் குறி இருந்தது.

ஒரு கோடு பென்சில், தடிமனாக, அழுத்தமாக, கூரைக்காரருடையது. அதன்மேல் குறுக்கே போனது நீல நிறம். மெழுகு கலந்த தையல் சாக்குக் கட்டி. பதிமூன்று வருடம் சிமெண்டுக்குள் கிடந்தும் மெழுகு அப்படியே இருந்தது.

"நீலம்..." என்றார் கொத்தனார். "அக்காவோட சாக்குக் கட்டிய எடுத்து நானும் போடுறதுதான். அதான் அன்னைக்கு எனக்கு வித்தியாசமாத் தெரியலபோல."

"தம்பி, கொஞ்சம் நகருங்க" என்றேன்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கோடு நேராக இறங்கி, முடியும் இடத்தில் சின்னதாக ஒரு கொக்கிபோல வளைந்திருந்தது. தையலை இதோடு நிறுத்து என்பதற்குத் தையல்காரி துணியில் போடும் அடையாளம். என் சட்டைகளைப் பிரித்து உள்மடிப்பைப் பார்த்தால் இன்றைக்கும் அது இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லையே என்று அவளிடம் நானே குறைப்பட்டிருக்கிறேன்.

"இது உங்க ரெண்டு பேரு கோடும் இல்ல" என்றேன்.

கொத்தனார் இரண்டாவது பட்டையைக் கொத்தினார். நீலக் கோடு, கொக்கி. மூன்றாவதிலும் கொக்கி. நாலாவதைக் கொத்த உளியை வைத்துவிட்டு, அடிக்காமல் அப்படியே நின்றார்.

"அன்னைக்கு மூணு சுவரு முடிச்சேன். நாலாவதுக்குப் பிளக் தீந்துபோச்சு. இந்தக் கடைக்காரக்கா கடைக்கு ஓடினேன், கடையிலயும் தீந்துபோச்சுன்னாங்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மழை வேற பிடிச்சுக்கிச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாத்தா எல்லாத்துலயும் பெருக்கல். அத்தான் முடிச்சுட்டாருன்னு நினைச்சேன். பெருக்கல் இருக்கும்போது எப்படிக் கேக்குறது?"

கூரைக்காரர் படுக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா" என்றார்.

"யாரு?"

"அவதான். அந்தச் சாயங்காலம் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். 'என் தம்பி இந்தப் பக்கம் கோடு போட மறந்துட்டான், நீங்க பாத்தா அவனத் திட்டுவீங்கன்னு நானே போட்டுட்டேன்'னா. என் காதுல விழுந்துச்சு. நான் 'ம்'னேன். மழ வருதே, தகரத்துல எங்க ஒழுகுதோன்னு என் நினைப்பு மேல இருந்துச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது. இந்த நிமிஷம்தான்."

அவளுக்குக் கோடு என்றால் கோடுதான். துணியில் கோடு போட்டால் தையல் வந்துவிடும். தம்பியைத் திட்டு வாங்க விடக் கூடாது என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, எட்டி எட்டி ஐந்து கோடு போட்டிருக்கிறாள். அந்தச் சுவருக்குக் கீழேயே பதிமூன்று வருடம் படுத்து, என்னவோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அவ பேசினதுக்கெல்லாம் 'ம்'தான் சொல்லியிருக்கேன்" என்றார் கூரைக்காரர். "ஒரே ஒரு தடவதான் எந்திரிச்சு உக்காந்து, முழுசாக் கேட்டு, சரின்னு சொன்னேன். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாளே, அப்ப. அதுவும் தப்பாப் போச்சு மச்சான்."

கொத்தனார் திரும்பவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு, சத்தம் வராமல் அழுவதற்கு ரொம்பச் சிரமப்பட்டது. கூரைக்காரர் எழுந்து பக்கத்தில் போனார். தொடலாமா வேண்டாமா என்று கை பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கை கீழே இருந்த டிரில்லை எடுத்து நீட்டியது.

"காத்து வருதுடா" என்றார்.

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. கொத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, கட்டும்போது அடுக்கிய வரிசையை மனதில் எண்ணி, "இங்க செங்கல்" என்பார். பட்டையில் அதற்கு நேரான துளைக்குள் டிரில்லை விடுவார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கூரைக்காரர் ஏணிமேல் நின்று கட்டையை அழுத்திப் பிடித்தார். பட்டைக்கு நாலு திருகாணி, கடைசித் திருகாணி அடி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். நான் எடுத்துக் கொடுத்தேன், தேநீர் போட்டேன். வீட்டில் எடுத்து வைத்த கிண்ணம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் அலமாரியைத் துழாவி இன்னும் இரண்டு கண்டுபிடித்தேன். "மேல பிடிங்க அத்தான்." "பிடிச்சிருக்கேன்." "இறுக்கவா?" "இறுக்கு." வேறு பேச்சு கிடையாது.

ஐந்தாவது பட்டையும் இறுகிய பிறகு, கொத்தனார் பழக்கத்தில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கோடு போடக் கையைத் தூக்கினார். அங்கே கோடு ஏற்கெனவே இருந்தது. பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார்.

"பூச்சு நாளைக்கு வந்து பூசிடுறேன்" என்றார்.

"அவசரமில்ல" என்றார் கூரைக்காரர், நீலக் கோடுகளைப் பார்த்தபடி.

கொத்தனாருக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "வர்றேன் அத்தான்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே மூன்றாம் நாள் காற்று வந்தது. இரவு முழுக்க அடித்து விடியும்போது ஓய்ந்தது. தெருவில் இரண்டு வீட்டுக் கூரைகள் போய்விட்டன, ஒரு தகரம் என் கடைப் படியில் மடங்கிக் கிடந்தது. நான் கதவைத் திறக்க வந்தபோது கூரைக்காரர் அந்தத் தகரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு? வீடு?"

"வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. அசையல. கட்டை கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

"அப்பாடா. உங்க மச்சானுக்குச் சொன்னீங்களா?"

"விடியறதுக்கு முன்னாடியே ஓடியாந்துட்டான். மேல கீழ பாத்துட்டு, நிக்குதுன்னு சொல்லிட்டு வேலைக்குப் போய்ட்டான்."

"பின்ன என்ன, நல்ல சேதிதானே? எதுக்கு இப்படி நிக்கிறீங்க?"

"நல்ல சேதிதான்" என்றார்.

ஆணியா, பட்டையா, என்ன வேண்டும் என்று கேட்டேன். எதுவும் வேண்டாம் என்று தலையாட்டினார். கடைக்குள் வந்தார், தொங்கிய பட்டைகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"ராத்திரி அந்தக் காத்து அடிச்சுது கடைக்காரம்மா. சுவரு ஒரு தடவகூட டக்குங்கல. 'ம்' சொல்லலாம்னு முழிச்சுக்கிட்டே கிடந்தேன். விடியிற வரைக்கும் யாரும் கூப்பிடல."

தெருவில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அவ போயி எட்டு மாசம் ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். "எனக்கு நேத்துதான் போனா."